விமானங்கள் குடியிருந்த வீடுகள்

கோலாலம்பூரில் விடியற்காலைக் காற்றின் ஈரப்பதம் 95 விழுக்காட்டைத் தொடும். பிற்பகல் வெயிலில் 60க்கு இறங்கும். நாலு மணிக்கு இடியும் மழையும் வந்தால் மறுபடி 90. வருடம் முழுக்க இதே கதைதான். சராசரி எடுத்தால் 80க்குப் பக்கத்தில் நிற்கும். பூசணம் வளர்வதற்கு 70 இருந்தாலே போதும். இந்தக் கணக்கை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. பிரிக்பீல்ட்ஸிலும் பிறகு கிள்ளானிலும் மாடல் விமானங்களோடு குடியிருந்தேன். அவை சொல்லித் தந்தன.

சின்ன வயதில் எங்களுக்குக் கிடைத்த மாடல் புத்தகங்கள் எல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. தூசி படியாமல் வை, வெயில் படாமல் வை என்று பக்கம் பக்கமாக இருக்கும். ஈரத்தைப் பற்றி ஒரு வரி இருந்தால் அதிகம். அவர்கள் ஊரில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் காற்று காய்ந்து கிடக்கும்; அந்தக் கவலை அவர்களுக்கு இல்லை. நமக்கு அது மட்டும்தான் கவலை.

அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. பிரிக்பீல்ட்ஸ் யார்டில் சரக்குப் பெட்டிகளைக் கோர்த்துவிடுகிறவர்களில் ஒருவர். இன்று கேஎல் சென்ட்ரலும் அதைச் சுற்றிக் கண்ணாடிக் கட்டடங்களும் நிற்கிற இடம்தான் அந்த யார்டு. எங்களுக்குக் கொடுத்திருந்தது வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் குவாட்டர்ஸ். ஒரு கூடம், ஒரு அறை, பின்னால் சமையல்கட்டு. இடம் சிறிது, கூரை மட்டும் நல்ல உயரம். சுவர் கூரையைத் தொடுகிற இடத்தில் வரிசையாகக் காற்றுத் துளைகள். ஜன்னலுக்குச் சாய்வு மரச்சட்டம். இழுத்து மூடினாலும் காற்று உள்ளே வந்துகொண்டுதான் இருக்கும். சுவரெல்லாம் சுண்ணாம்புப் பூச்சு.

1971 ஜனவரி வெள்ளத்தில் கிள்ளான் ஆறு ஊருக்குள் வந்தபோது எங்கள் வரிசைக்கும் தண்ணீர் வந்தது. தண்ணீர் நின்ற மட்டத்தில் ஒரு பழுப்புக் கோடு சுவரில் வெகுநாள் இருந்தது. ஆனாலும் அந்த வீடு காய்ந்தது. சுண்ணாம்பு குடித்த ஈரத்தை வெயில் நேரத்தில் காற்றுக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். மேலே இருந்த துளைகள் அதை வெளியே கொண்டுபோய்விடும். குளிரூட்டியும் அலுமினிய ஜன்னலும் வைத்து இறுக்கிக் கட்டிய எத்தனையோ வீடுகளில் பிறகு இருந்துவிட்டேன். பொருள் கெடாமல் இருப்பதற்கு அந்த குவாட்டர்ஸைப் போல ஒரு வீடு எனக்கு அமையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுபாங் விமான நிலையத்துக்குப் போய் மாடத்தில் நின்று விமானம் பார்ப்பது அந்தக் காலத்துக் குடும்பங்களுக்குப் பெரிய பொழுதுபோக்கு. 1965இல் திறந்த நிலையம். ஓடுபாதை 3,780 மீட்டர். தென்கிழக்காசியாவிலேயே நீளமானது என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். சிங்கப்பூரோடு சேர்ந்திருந்த விமான நிறுவனம் பிரிந்து, 1972 அக்டோபரில் மாஸ் என்கிற மலேசிய நிறுவனம் தனியாகப் பறக்கத் தொடங்கியது. வாலில் கிளந்தான் வாவ் பட்டம், சிவப்பு நிறத்தில். போயிங் 737 வந்தால் எல்லாப் பிள்ளைகளும் கத்துவார்கள். எனக்குப் பிடித்தது ஃபோக்கர் எஃப்27. ஈப்போ, பினாங்கு, கோத்தா பாரு என்று உள்ளூருக்குப் போகிற விமானம். இறக்கை உடம்புக்கு மேலே இருக்கும், அதற்குக் கீழே இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் என்ஜின். அந்த என்ஜினின் கீச்சொலி இன்றும் காதில் இருக்கிறது.

அம்மாவின் தம்பி கிள்ளானில் இருந்தார். நாங்கள் கிள்ளான் மாமா என்போம். துறைமுகத்தில் டாலி கிராணி. கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டையையும் பெட்டியையும் எண்ணிக் குறிக்கிற வேலை. நான் எஃப்27 மேல் பைத்தியமாக இருப்பது தெரிந்து, ஒரு தீபாவளிக்கு ஏர்ஃபிக்ஸ் பெட்டி ஒன்று வாங்கிவந்தார். 1:72 அளவு. ஒட்டி முடித்தால் இறக்கை நுனிக்கு நுனி 40 சென்டிமீட்டர் வரும். உள்ளே இருந்த ஒட்டுப்படம் வேறு ஏதோ நாட்டு நிறுவனத்துடையது. அதை அப்படியே பெட்டிக்குள் வைத்துவிட்டு, அப்பா கொண்டுவந்த சிவப்பு எனாமலைத் தொட்டு, மெல்லிய தூரிகையால் வாலில் வாவ் பட்டத்தை நானே வரைந்தேன். பட்டத்தின் கொம்பு ஒரு பக்கம் கொஞ்சம் கனத்துவிட்டது. அதைப் பார்த்து அப்பா, "காத்து அந்தப் பக்கம் அடிக்குது போல" என்றார்.

பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் தண்ணீர் குடிக்காது. வருடக்கணக்கில் ஈரத்தில் கிடந்தாலும் வீங்காது, கோணாது, மட்காது. ஒட்டிய பசையும் பிளாஸ்டிக்கையே கரைத்துச் சேர்க்கிற பசை, அதுவும் விடாது. அதனால் மழைக்காலத்தில் எங்கள் விமானம் சௌக்கியமாக இருந்தது. கெட்டது அதோடு வந்த காகிதங்கள்தான். அட்டைப்பெட்டியின் ஓரத்தில் முதலில் காப்பிக் கறை மாதிரிப் புள்ளிகள் வந்தன. ஒட்டும் முறையை விளக்கும் தாளில் ஒழுங்கில்லாத ஓட்டைகள். இராமபாணப் பூச்சி வேலை. ஒட்டுப்படத் தாள்தான் மிகவும் பரிதாபம். அதன் முதுகில் இருப்பது தண்ணீரில் இளகுகிற பசை. இளகுவதற்குக் கிண்ணத்துத் தண்ணீர்தான் வேண்டும் என்பதில்லை, நம் ஊர்க் காற்றே போதும். ஓரம் சுருண்டு, பசை இளகி, மேலே வைத்திருந்த தாளோடு ஒட்டிக்கொண்டது. பிரிக்கப் போனால் எழுத்துகள் அந்தத் தாளோடு வந்துவிட்டன. அன்றிலிருந்து எந்தப் பெட்டி வாங்கினாலும் முதல் வேலையாக ஒட்டுப்படத்தை எடுத்து, இரு பக்கமும் மெழுகுத்தாள் வைத்து, ஜிப் பையில் போட்டு, தனியாக வைத்துவிடுவேன். பழசாகி மஞ்சளடித்த ஒட்டுப்படத்தையும் காப்பாற்றலாம். பையோடு சேர்த்து வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் சில நாட்கள் ஒட்டி வைத்தால் மஞ்சள் வெளுக்கும். பை இல்லாமல் ஒட்டினால் விடிகாலைப் பனியை அது குடித்துவிடும்.

பால்சா மரம் வேறு சாதி. அடுத்த வரிசையில் இருந்த ஒரு அண்ணன், ரயில்வே பட்டறையில் அப்ரண்டிஸ், பால்சாவில் விமானம் கட்டி ரப்பர் முறுக்கி மைதானத்தில் பறக்கவிடுவார். பிளேடால் சீவிய மெல்லிய சட்டங்கள், மேலே டிஷ்யூ காகிதம், அதன்மேல் டோப் என்ற வார்னிஷ். டோப் காயும்போது காகிதம் இழுபட்டு விறைக்கும். அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். அந்தக் காகிதத்துக்கு மத்தளத் தோலின் குணம். விடியலில் தொளதொளவென்று தொங்கும், வெயில் ஏறினால் விண்ணென்று நிற்கும். தினமும் இரண்டு முறை இப்படி இழுத்து இழுத்து விட்டால் உள்ளே இருக்கிற சட்டம் என்ன செய்யும்? கோணும். இறக்கையின் பின்விளிம்பு ஒரு பக்கம் அரை விரல் தூக்கிக்கொள்ளும். அந்த விமானத்தை எறிந்தால் நேராகப் போகாமல் சுழன்று தரையில் குத்தும்.

அண்ணன் அதற்குச் செய்த வைத்தியத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அடுப்பில் கெண்டி கொதிக்கும். அதன் மூக்கிலிருந்து வருகிற ஆவியில் இறக்கையைக் காட்டி, கோணலுக்கு எதிர்ப்பக்கமாக மெல்ல முறுக்கி, ஆறும்வரை கையிலேயே பிடித்துக்கொண்டிருப்பார். பேசமாட்டார், நாங்கள் பேசினாலும் முறைப்பார். விட்டதும் இறக்கை நேராகிவிடும். அதற்குப் பிறகு அதை ஒரு தட்டைப் பலகையில் கிடத்தி, பின்விளிம்புக்கு அடியில் சமமான சீவல்கள் கொடுத்து, மேலே கனமில்லாத இன்னொரு பலகை வைத்து, நாலு மூலையிலும் கயிறு போட்டுவிடுவார். கோணுவதற்கு இடம் கொடுக்கக் கூடாது, ஆனால் காற்று போய்வர வேண்டும். பால்சா விமானத்தை ஆணியில் தொங்கவிட்டு வைத்திருப்பவர்களைப் பார்த்தால் இன்றும் எனக்கு மனசு பதைக்கும்.

அவரிடம் ஒரு சின்ன என்ஜினும் இருந்தது. கம்பி பிடித்து வட்டமாகச் சுற்றவிடுகிற விமானத்துக்கானது. அதன் எரிபொருளில் மெத்தனாலும் நைட்ரோமெத்தேனும் விளக்கெண்ணெயும் கலந்திருக்கும். எங்கள் அப்பத்தா மாதம் ஒருமுறை மூக்கைப் பிடித்து ஊற்றிய அதே விளக்கெண்ணெய். அது எரிகிற வாசனை மைதானம் முழுக்க இருக்கும், எனக்கு அது மிகவும் பிடிக்கும். மெத்தனால் காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும். பறந்து முடித்ததும் மிச்ச எரிபொருளை என்ஜினுக்குள் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், அடுத்த வாரம் பேரிங்கில் துரு. மிச்சத்தை ஓடவிட்டே தீர்த்து, சில சொட்டு எண்ணெய் விட்டு, விசிறியைக் கையால் சுற்றி உள்ளே பரவவிட்டு, துணியில் சுற்றி வைக்க வேண்டும். இதில் சோம்பல்பட்டவர்கள் யாரும் அந்த என்ஜினை இரண்டாம் வருடம் ஓட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அப்பா ஓய்வு பெற்றதும் குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பில் வரிசை வீடு வாங்கிக் குடிபோனோம். சொந்த வீடு என்ற சந்தோஷம் எல்லோருக்கும். எனக்கென்று ஒரு அறையும், அதில் சுவரோடு சேர்த்துச் செய்த மர அலமாரியும் கிடைத்தன. விமானங்களை அதில் வைத்தேன். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. சிமென்ட் பூச்சு, மேலே எண்ணெய்ப் பெயின்ட், தாழ்ந்த கூரை, காற்றுத் துளை கிடையாது. மழைக்காலம் வந்தது. அலமாரியைத் திறந்தால் பழைய வேட்டி வாசம்.

அலமாரியின் பின்பலகையில் சாம்பல் நிறப் பூசணம் வட்டம் வட்டமாக வந்திருந்தது. பால்சா இறக்கைகளில் டிஷ்யூ இருந்த இடமெல்லாம் கறுப்புப் புள்ளி. அம்மா பதறிப்போய், புடவைப் பெட்டிக்குப் போடுகிற பாச்சை உருண்டையை ஒரு துணியில் முடிந்து உள்ளே வைத்தார். எஃப்27 இருந்த தட்டில். புடவைக்கும் வேட்டிக்கும் அது நல்லதுதான். ஆனால் நாப்தலீன் ஆகட்டும், பாராடைகுளோரோபென்சீன் ஆகட்டும், அதன் ஆவி பாலிஸ்டைரீனை இளக்கும். பசை செய்கிற வேலையை அது மெதுவாகச் செய்யும். சில வாரம் கழித்து எடுத்துப் பார்த்தபோது, முடிச்சுக்குப் பக்கத்தில் இருந்த வால் பிசுபிசுத்தது. விரல் வைத்த இடத்தில் ரேகை பதிந்தது. விமானி உட்காரும் இடத்துக் கண்ணாடி பால் படிந்த மாதிரி மங்கிவிட்டது. அத்தனை வருட ஈரம் தொடாத விமானத்தைப் பூச்சி மருந்து தொட்டுவிட்டது. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அக்கறையில் செய்தது. ஆனால் பிளாஸ்டிக் மாடல் வைத்திருக்கிற எந்த வீட்டுக்குப் போனாலும், பாச்சை உருண்டையையும் கற்பூரத்தையும் அந்த அறைக்குள்ளேயே விடாதீர்கள் என்று முதலில் சொல்லிவிடுவேன்.

அந்த வாரம் மாமா வந்தார். அலமாரியைத் திறந்து, முகர்ந்து, பின்பலகையில் கையை வைத்துப் பார்த்தார்.

"மாப்ள, இத எப்பப்ப தொறப்பீங்க?"

"தொறக்கறதே இல்ல மாமா. மழக்காத்து படக்கூடாதுன்னு அம்மா இறுக்கி மூடி வெச்சிருக்காங்க."

"உள்ள இருக்கற காத்து மட்டும் எங்கேருந்து வந்துச்சு? அதுவும் மழக்காத்துதானே."

பிறகு கட்டிலில் உட்கார்ந்து அவர் சொன்னது துறைமுகப் பாடம். அதை இன்றுவரை நான் பின்பற்றுகிறேன்.

"ஐரோப்பாவுலேருந்து கப்பல் வருதுன்னு வெச்சுக்க. உள்ள இருக்கற இரும்பு, டின்னு எல்லாம் குளுந்து கெடக்கும். இங்க வந்து சேந்ததும் மூடியத் தொறந்தா, நம்ம ஊரு காத்து உள்ள போயி அது மேல தண்ணியா எறங்கும். டின்னெல்லாம் துரு. இங்கேருந்து போற கப்பலுக்கு நேர்மாறு. ரப்பரோ மரமோ சூடா உள்ள போகும். குளுந்த கடல்ல போகப்போக மேல இரும்புத் தகடு குளுரும், சரக்கு விடற ஆவி அதுல பட்டு மழ மாதிரி சொட்டும். அப்ப காத்து விட்டே ஆகணும். எப்பத் தொறக்கறது எப்ப மூடறதுன்னு பாக்க, ஒண்ணுக்கு ஈரத்துணி சுத்தி, இன்னொண்ணு சும்மா, ரெண்டு தெர்மாமீட்டர் வெச்சி ஒரு ஆபீசர் தெனமும் எழுதிக்கிட்டே இருப்பான். வெளிக்காத்து உள்காத்த விடக் காஞ்சிருந்தாத் தொற, இல்லாட்டி மூடு. அவ்வளவுதான்."

கப்பல்காரர்கள் இதை வியர்வை என்பார்கள் என்றும் சொன்னார். அவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ரப்பர் பாலைக் கட்டியாக்கி, உருளையில் தட்டையாக்கி, புகை போட்டு உலர்த்துவதே பூசணம் வராமல் இருக்கத்தான். பூசணம் கண்ட ஷீட்டுக்குத் தரம் இறங்கிவிடும், விலையும் இறங்கிவிடும். மூன்று தலைமுறை நம் ஆட்கள் இந்த நாட்டில் செய்த வேலையில் பாதி ஈரத்தோடு மல்லுக்கட்டியதுதான் என்பது அவர் பேசும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அறிவு தோட்டத்திலும் துறைமுகத்திலும் இருந்தது. மாடல் புத்தகத்தில் இல்லை.

அன்று சாயங்காலமே நானும் மாமாவும் அலமாரியைச் சுவரிலிருந்து கழற்றி, குளியலறைப் பக்கம் இல்லாத உள்சுவருக்கு மாற்றினோம். சுவருக்கும் பலகைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அடியில் கட்டை கொடுத்துத் தரையிலிருந்து தூக்கினோம். கதவின் மேலும் கீழும் துளை போட்டு, பல்லி நுழையாமல் கொசுவலை அடித்தோம். பல்லி எச்சம் பெயின்டை அரிக்கும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். வெயில் ஏறிய பிறகு, பதினொரு மணிக்குமேல் மழை மேகம் திரள்வதற்கு முன், கதவைத் திறந்து வைப்பது என்று முறை வைத்துக்கொண்டோம். காலையில் எழுந்ததும் "நல்ல காத்து வரட்டும்" என்று ஜன்னலையும் அலமாரியையும் திறப்பது நம் வீடுகளில் வழக்கம். மனுசருக்கு அந்தக் காற்று நல்லது. பால்சாவுக்கு ஒரு நாளில் அதைவிடக் கெட்ட நேரம் கிடையாது.

பல வருடம் கழித்து, குளிரூட்டி வாங்கிய பிறகுதான் மாமாவின் விதியை எண்களில் போட்டுப் பார்த்தேன். 32 பாகையில் 60 விழுக்காடு ஈரம் உள்ள பிற்பகல் காற்றை ஒரு டப்பாவில் இறுக்கி மூடுங்கள். ராத்திரி அறை 24 பாகைக்கு இறங்கினால் டப்பாவுக்குள் ஈரப்பதம் 96. மூடும்போது காய்ந்த காற்றாகத் தோன்றியதே, அதேதான். இப்போது மாற்றிச் செய்யுங்கள். அறையை மூடி, குளிரூட்டியை இரண்டு மணி நேரம் ஓடவிட்டால், 24 பாகையில் ஈரப்பதம் 55க்கு வரும். அந்தக் காற்றோடு டப்பாவை மூடி வெளியே கொண்டுவந்து, அது 31 பாகைக்குச் சூடானால் உள்ளே 37தான் இருக்கும். எங்கே மூடினோம், எந்தக் காற்றோடு மூடினோம் என்பதில் இத்தனை வித்தியாசம். ஒரு துளி மருந்து கிடையாது, ஒரு வெள்ளி அதிகச் செலவு கிடையாது.

இதன் மறுபக்கமும் உண்டு. குளிரறையில் இருந்த விமானத்தைச் சட்டென்று வாசலுக்குக் கொண்டுவந்து காட்டாதீர்கள். மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்குத் தெரியும், காரிலிருந்து இறங்கினால் என்ன ஆகும் என்று. டப்பாவைத் திறக்காமல் அப்படியே வெளியே வைத்து, சூடு சமமான பிறகு திறக்க வேண்டும். ஐரோப்பாச் சரக்குக்கு மாமா சொன்னதுதான்.

டப்பா என்று நான் சொல்வது ரப்பர் வளையம் வைத்து, நாலு பக்கமும் கொக்கி போட்டு மூடுகிற பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே சிலிக்கா ஜெல். முன்பு நீல மணிகள் வரும், ஈரம் குடித்தால் ரோஜா நிறமாகும். அந்த நீலம் கோபால்ட் உப்பு, உடம்புக்கு ஆகாது. இப்போது ஆரஞ்சு மணிகள் கிடைக்கின்றன, அவற்றைத்தான் வாங்குகிறேன். நிறம் மாறினால் ஓவனில் 120 பாகையில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து எடுத்தால் மறுபடி தயார். துணி அலமாரிக்கு வைக்கிற ஈரமுறிஞ்சி டப்பாக்களை மாடல் பக்கம் நான் சேர்ப்பதில்லை. அதில் இருப்பது கால்சியம் குளோரைடு. குடித்த ஈரமெல்லாம் உப்புத் தண்ணீராக அடியில் நிற்கும். ஒருமுறை சாய்ந்தால் சக்கர அச்சு, பித்தளைத் தகடு எதுவும் மிஞ்சாது.

பெட்டிக்குள் என்ன வைக்கக் கூடாது என்பதும் பெரிய விஷயம். மெத்தென்று இருக்கட்டும் என்று ஸ்பாஞ்சு வைப்பார்கள். பாலியூரித்தேன் ஸ்பாஞ்சு நம் ஊர் ஈரத்தில் சில வருடங்களில் தானே சிதைந்து, தேன் பதத்துக்கு வந்து, பெயின்ட்டோடு அப்பிக்கொள்ளும். குமிழ்த்தாள் பெயின்ட்டில் தடம் பதிக்கும். அமிலம் நீக்கிய டிஷ்யூ தாளும் வெளுத்த பருத்தித் துணியும் போதும். சில பெட்டிகளில் வருகிற மெத்தென்ற வினைல் டயர்கள், சக்கரத்தின் பாலிஸ்டைரீன் வளையத்தையே உருக்கிவிடும். வளையத்துக்கு முதலில் பெயின்ட் அடித்துவிட்டு மாட்டுவது நல்லது. உலோக வார்ப்பு விமானங்களுக்கு வேறு நோய். துத்தநாகக் கலவையில் ஈயம் கொஞ்சம் கூடிவிட்டால், சூடும் ஈரமும் சேர்ந்து அதை உள்ளிருந்தே வெடிக்க வைக்கும். அதற்கு வைத்தியம் இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் மாறிவிட்டது. ஜாலான் துன் சம்பந்தனில் 2010இல் லிட்டில் இந்தியா வளைவுகள் வந்தன. ஹண்ட்ரட் குவாட்டர்ஸ் என்று எல்லோரும் சொன்ன ரயில்வே வரிசைகளை அடுத்த சில வருடங்களில் இடித்துவிட்டார்கள். இடிக்கிற நாட்களில் போய் நின்று பார்த்தேன். உடைந்த சுவரின் மேல்விளிம்பில் காற்றுத் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. இந்த நாட்டு வானிலையைப் புரிந்துகொண்டு கட்டிய வீடுகள் அவை. ஒரு வரிசையையாவது விட்டுவைத்து, கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் பெய்தது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் கீழ்த்தளங்களை முழுக்க மூழ்கடித்தது. என் கூட்டாளி ஒருவனின் வீடு அங்கேதான். பள்ளிக்கூடத்திலிருந்து என்னோடு மாடல் கட்டுகிறவன். குடும்பத்தோடு மேல்மாடியில் இரவைக் கழித்து, படகில் இறங்கினான். தண்ணீர் வடிந்ததும் நாங்கள் சிலர் துடைப்பமும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு போனோம். தெரு முழுக்க மெத்தைகளும் பிரிட்ஜுகளும் கிடந்தன.

கூடத்தில் கண்ணாடி அலமாரி கவிழ்ந்து கிடந்தது. அதில் இருந்த விமானங்கள் சேற்றுக்குள். ஆனால் கொக்கி போட்ட டப்பாக்களில் அவன் வைத்திருந்தவை? அந்த டப்பாக்கள் தண்ணீரோடு கூரைவரை மிதந்து போய், தண்ணீர் இறங்கியபோது கண்ட இடத்தில் உட்கார்ந்திருந்தன. ஒன்று சோபாவின் முதுகில், ஒன்று மின்விசிறி இறக்கையில் மாட்டிக்கொண்டு. வெளியே சேறு. துடைத்துவிட்டுத் திறந்தால், உள்ளே ஆரஞ்சு மணி நிறம்கூட மாறவில்லை. ஈரத்துக்காகச் செய்த ஏற்பாடு வெள்ளத்துக்கே நின்றது. அவன் மனைவி அதைப் பார்த்துவிட்டு, வீட்டுப் பத்திரத்தையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் இனிமேல் அதே மாதிரி டப்பாவில்தான் வைப்பேன் என்றார். நாங்கள் எல்லோரும் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

சேற்றில் கிடந்தவற்றையும் விடவில்லை. சேறு காய்ந்துவிட்டால் கோடுகளுக்குள் இறுகிவிடும், அதனால் ஈரமாக இருக்கும்போதே வாளித் தண்ணீரில் போட்டோம். பாத்திரம் தேய்க்கிற சோப்பு இரண்டு சொட்டு, மெல்லிய தூரிகை, மூன்று முறை நல்ல தண்ணீர். வெயிலில் வைக்க வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தேன். கார் கண்ணாடிக்குப் பின்னாலோ தகரத்தின் மேலோ காயவைத்தால் பிளாஸ்டிக் இறக்கை தொங்கிவிடும். விசிறிக்கு அடியில் துணி விரித்து வைத்தோம். பூசணம் எட்டிப் பார்த்த மரப்பகுதிகளை 70 விழுக்காடு ஆல்கஹாலால் துடைத்தோம். அக்ரிலிக் பெயின்ட் அடித்தவற்றின் பக்கம் அதைக் கொண்டுபோகவில்லை, அது பெயின்ட்டைக் கரைக்கும். பால்சாவில் கட்டியவை போய்விட்டன. பிளாஸ்டிக்கில் பெரும்பாலானவை எழுந்துவிட்டன.

அவன் அலமாரியை மேல்மாடி உள்சுவருக்கு மாற்றிவிட்டான், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி. போன மாதம் அழைத்தான். நூரி கட்டப் போகிறானாம். ஏறக்குறைய ஐம்பது வருடம் நம் விமானப்படையில் இருந்து, ஒவ்வொரு வெள்ளத்திலும் ஆள் தூக்கிய அந்த சிகோர்ஸ்கி ஹெலிகாப்டர். சீ கிங் பெட்டி ஒன்று வாங்கி அதை நூரியாக மாற்றிக்கொண்டிருக்கிறான். பக்கவாட்டு மிதவைகளைச் சீவிச் சரிசெய்வது எப்படி, பச்சையும் பழுப்பும் எந்த அளவு கலந்தால் பழைய படத்தில் இருக்கிற நிறம் வரும் என்று ஒரு மணி நேரம் பேசினான். முடிச்சிட்டு டப்பாவுல வைக்கறப்ப ஏசிய ரெண்டு மணி நேரம் ஓடவிடுடா என்றேன். அதெல்லாம் தெரியும், நீ முதல்ல அந்தப் பச்சைய ஒரு தட்டுல கலக்கிப் படம் எடுத்து அனுப்பு என்றான்.